அக்காவுக்குத் தோல் உரிஞ்ச மாத்திரை எனக்கும் சேராதா?

உங்க கேள்வியை ரெண்டு மூணு தடவை படிச்சேன். நீங்க எழுதினது சுருக்கமா இதுதான். 2011-ல உங்க அக்காவுக்கு எச்ஐவி மாத்திரை ஆரம்பிச்ச மூணாவது வாரம் உடம்பு பூரா சிவந்து, வாய் வெந்து, தோல் வாழைப்பட்டை மாதிரி கழண்டு வந்து, கீழ கோயமுத்தூருக்குக் கொண்டு போய் ஒரு மாசம் வெச்சிருந்தீங்க. இப்ப உங்களுக்குப் பாசிட்டிவ்னு வந்திருக்கு, மையத்துல மாத்திரை டப்பா கொடுத்துட்டாங்க, அதைப் பிரிக்காம பீரோவுல வெச்சிட்டு "எந்த ஜீன் டெஸ்ட் எடுக்கணும், எங்க எடுக்கணும்"னு கேக்கறீங்க. ஊர்ல யாரோ "மலைக்காரங்க ரத்தத்துக்கு அந்த மருந்தே சேராது"ன்னு சொன்னதையும் எழுதியிருக்கீங்க. டெஸ்ட் பத்தி சொல்றேன், ஆனா நீங்க நிஜமா கேக்கறது டெஸ்ட் இல்லைன்னு எனக்குப் படுது. டப்பாவைப் பிரிக்கலாமா வேண்டாமா, அதானே? பிரிக்கலாம். டப்பா மேல டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர்னு மூணு பேர் போட்டிருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அதை வெச்சுத்தான் சொல்றேன். மையத்துல அக்கா கதையை ஒரு வார்த்தை சொல்லிட்டு இந்த வாரமே பிரிங்க. ஏன்னு கேட்டா கொஞ்சம் நீளமா சொல்லணும்.

நான் தோல், பால்வினை நோய் டாக்டர். இருபது வருஷத்துக்கு மேல குன்னூர், கோத்தகிரி பக்கம்தான் பொழப்பு, அதுல பல வருஷம் வாரத்துக்கு ஒரு நாள் எச்ஐவி மாத்திரை கொடுக்கற ஏஆர்டி மையத்துல போய் உக்காந்து தடிப்பு, அரிப்பு, கொப்புளம்னு வர்றவங்களைப் பாத்திருக்கேன். ஜீன் ஆராய்ச்சி பண்றவன் இல்லை, அதைப் படிச்சு கையாளறவன், அவ்ளோதான். உங்களை நான் நேர்ல பாக்கலை, உங்க ரத்த ரிப்போர்ட்டும் பாக்கலை. அதனால நான் சொல்றதுக்கும் உங்க மையத்து டாக்டர் சொல்றதுக்கும் முரண்பாடு வந்தா அவங்க பேச்சைத்தான் கேக்கணும்.

முதல்ல அக்கா சாப்பிட்ட மாத்திரை எதுன்னு பாப்போம். நம்ம நாட்டுல அரசாங்கம் இலவசமா எச்ஐவி மருந்து கொடுக்க ஆரம்பிச்சது 2004 ஏப்ரல் 1. தமிழ்நாட்டுல தாம்பரம் ஆஸ்பத்திரிதான் முதல்ல ஆரம்பிச்ச இடங்கள்ல ஒண்ணு. அதுக்கப்புறம் பல வருஷம் பெரும்பாலானவங்களுக்கு கொடுத்தது நெவிரபின் சேர்ந்த கூட்டு மாத்திரைதான். விலை குறைவு, நம்ம கம்பெனிகளே தயாரிச்சாங்க, லட்சக்கணக்கான பேரை அந்த மாத்திரை உயிரோட வெச்சிருக்கு, அதையும் மறக்கக் கூடாது. ஆனா தோல் விஷயத்துல அது கொஞ்சம் முரட்டு மருந்து. நூறு பேர் சாப்பிட்டா பதினஞ்சு இருபது பேருக்கு ஏதாவது ஒரு தடிப்பு வரும், அதுல பெரும்பாலானது தானா அடங்கிடும், நூத்துல ஒருத்தருக்கோ அதுக்கும் குறைவாவோதான் உங்க அக்காவுக்கு வந்த மாதிரி தோல் உரியற கட்டத்துக்குப் போகும், அதுக்கு ஸ்டீவன்ஸ்-ஜான்சன் சிண்ட்ரோம்னு பேர். உரிஞ்ச தோல் உடம்புப் பரப்புல பத்துல ஒரு பங்குக்குள்ள இருந்தா அந்தப் பேர், 30 சதவீதத்தைத் தாண்டினா டாக்சிக் எபிடெர்மல் நெக்ரோலைசிஸ்னு வேற பேர், அந்தக் கட்டத்துல மூணு பேர்ல ஒருத்தரை இழக்கற அளவுக்கு மோசம். உங்க அக்கா எந்தக் கட்டத்துல இருந்தாங்கன்னு தெரியலை, ஆனா திரும்பி வந்திருக்காங்க, அதுவே பெரிசு.

நீங்க சொல்ற "மூணாவது வாரம்" நெவிரபினுக்கு அச்சா பொருந்துது. அந்த மருந்துக்கு ஒரு விதி உண்டு, முதல் 14 நாள் 200 மில்லிகிராம் ஒரு வேளை மட்டும், அப்புறம்தான் ரெண்டு வேளை. அந்த மருந்தே கல்லீரலைத் தூண்டி தன்னைத் தானே உடைக்கற என்சைமை அதிகமாக்கிக்கும், அதுக்கு ஒரு ரெண்டு வாரம் பிடிக்கும், அது வரைக்கும் முழு டோஸ் கொடுத்தா ரத்தத்துல மருந்து எகிறி தடிப்பு அதிகமாகும். அந்த 14 நாளுக்குள்ள தடிப்பு வந்தா அது அடங்கற வரைக்கும் டோஸ் ஏத்தக் கூடாது. விதி சின்னதுதான், ஆனா முதல் நாளே முழு டோஸ் எழுதிக் கொடுத்த சீட்டோட எங்கிட்ட வந்தவங்க இருக்காங்க. எங்க எழுதினதுன்னு இங்க வேண்டாம்.

இதுல ஒருத்தங்க கதையைச் சொல்லணும், அடையாளம் தெரியாத மாதிரி கொஞ்சம் மாத்திச் சொல்றேன். எஸ்டேட்ல இலை பறிக்கற அம்மா, நெவிரபின் ஆரம்பிச்சு மூணு வாரம் ஆகலை, ஜுரம், கண்ணு சிவப்பு, நெஞ்சுல முதுகுல கொப்புளம். லைன் வீட்டுல எல்லாரும் "அம்மை போட்டிருக்கு"ன்னுட்டாங்க. வேப்பிலையைப் பரப்பிப் படுக்க வெச்சு, மஞ்சள் பூசி, இளநீர் மட்டும் கொடுத்து, ஆஸ்பத்திரி பக்கமே போகக் கூடாதுன்னு காவல் காத்திருக்காங்க. சரி, அதோட மருந்தும் நின்னிருந்தா கூட பாதி தப்பிச்சிருப்பாங்க, ஆனா அவங்களுக்கு எச்ஐவி இருக்கறது வீட்டுல யாருக்கும் தெரியாது, கவுன்சிலிங்ல "ஒரு வேளை கூட விடக் கூடாது"ன்னு நாங்களே தலையில அடிச்சுச் சொல்லி அனுப்பியிருந்தோம், அதனால தலகாணி உறைக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்த மாத்திரையை வேளை தவறாம ராத்திரி யாருக்கும் தெரியாம முழுங்கியிருக்காங்க. நாலு நாள் கழிச்சுத்தான் கொண்டு வந்தாங்க. உயிர் பொழைச்சிடுச்சு, ஒரு கண்ணு பார்வை பழைய மாதிரி வரலை. அன்னையிலிருந்து "விடாம சாப்பிடுங்க"ன்னு நான் சொன்னா அதே மூச்சுல "வாய் வெந்தா, கண்ணு சிவந்தா, கொப்புளம் வந்தா சாப்பிடாம ஓடி வாங்க"ன்னும் சொல்லித்தான் அனுப்பறது.

சரி, ஜீனுக்கு வருவோம். மலைக்கு ஏறி வர்ற வழியில பர்லியார் செக்போஸ்ட் தெரியும்ல, பையைத் திறந்து காட்டணும், பிளாஸ்டிக் பாட்டில் இருந்தா எடுத்து வெச்சுக்குவாங்க. நம்ம உடம்புல ஏறக்குறைய ஒவ்வொரு செல்லும் இப்படித்தான், உள்ள என்னென்ன புரதம் இருக்குன்னு துண்டு துண்டா ஒரு தட்டுல வெச்சு வாசல்ல நீட்டிட்டே இருக்கும், டி செல்லுங்கற காவல்காரன் பாத்துட்டே போவான், நம்ம வீட்டு சாமானா இருந்தா விட்டுடுவான், வைரஸ் சாமானா இருந்தா அந்த செல்லையே அழிச்சிடுவான். அந்தத் தட்டுக்குத்தான் எச்எல்ஏன்னு பேர். தட்டு ஒரே மாதிரி இருக்காது, ஆளுக்கு ஆள் வடிவம் மாறும், ஆயிரக்கணக்குல வகை இருக்கு. சில மருந்து சில வகைத் தட்டுல மட்டும் போய் ஒட்டிக்கும், அப்ப நம்ம சொந்தச் சாமானே காவல்காரன் கண்ணுக்கு அந்நியமாத் தெரியும், அவன் நம்ம தோலையே அடிப்பான். மருந்து ஒவ்வாமைக்கும் ஜீனுக்கும் உள்ள தொடர்புல பெரும்பங்கு இதுதான்.

இந்தத் தட்டு ஜீன் எல்லாம் 6-ஆம் குரோமோசோம்ல ஒரே இடத்துல பக்கத்துப் பக்கத்துல இருக்கறதால ஒரு மூட்டையா கட்டின மாதிரி அப்படியே கைமாறும். உங்க அப்பாகிட்ட ரெண்டு மூட்டை, அம்மாகிட்ட ரெண்டு மூட்டை, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆளுக்கு ஒண்ணு கொடுப்பாங்க. கணக்குப் போட்டா அக்காவும் நீங்களும் ரெண்டு மூட்டையும் ஒண்ணா வாங்கியிருக்க நாலுல ஒரு வாய்ப்பு, ஒரு மூட்டை மட்டும் பொதுவா இருக்க நாலுல ரெண்டு, ஒண்ணு கூட ஒத்துப் போகாம இருக்க நாலுல ஒண்ணு. அதனால "ஒரே ரத்தம், அதனால ஒரே மாதிரி ஆகும்"ங்கறது பாதி உண்மைதான். அப்படியே ரெண்டு மூட்டையும் ஒண்ணா இருந்தாலும் பூட்டுக்குத் தக்க சாவி வேணும். அக்காவோட பூட்டைத் திறந்த சாவி நெவிரபின்னா, உங்க டப்பாவுல அந்தச் சாவியே இல்லை.

இப்ப எது உறுதி, எது சந்தேகம்னு பிரிச்சுச் சொல்றேன். எச்ஐவி மருந்துகள்ல ஜீன் டெஸ்ட் எடுத்து நம்பி முடிவு பண்ணலாம்னு இருக்கறது ஒரே ஒரு மருந்துக்குத்தான், அபகாவிர். அதுக்கு உள்ள தட்டு வகை எச்எல்ஏ-பி 57:01. 2002-ல ஆஸ்திரேலியாவுல பெர்த்ல இருந்த ஒரு குழுவும் வேற ஒரு குழுவும் தனித்தனியா இதைக் கண்டுபிடிச்சாங்க. 2008-ல 19 நாடுகள்ல 1956 பேரை வெச்சு ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, ஒரு பாதிப் பேருக்கு முதல்லயே டெஸ்ட் எடுத்து அந்த ஜீன் இருக்கறவங்களுக்கு அபகாவிர் கொடுக்கலை, இன்னொரு பாதிக்கு வழக்கம் போல கொடுத்தாங்க. தோல்ல மருந்துப் பட்டை (பேட்ச்) ஒட்டிப் பாத்து உறுதி பண்ணின ஒவ்வாமை, ஜீன் டெஸ்ட் எடுக்காத பக்கம் 2.7 சதவீதம், எடுத்த பக்கம் ஒருத்தர் கூட இல்லை. மருத்துவத்துல சுத்தமா பூஜ்யம் வர்றது அபூர்வம், நான் படிச்சப்ப நிமிர்ந்து உக்காந்தேன். 2012-ல எப்படி நடக்குதுன்னும் தெரிஞ்சு போச்சு, அந்த மருந்து தட்டோட குழிக்குள்ளயே போய் உக்காந்து எந்தச் சாமான் வைக்கலாம்ங்கறதையே மாத்திடுது.

ஆனா அதே ஆய்வுல இன்னொரு விஷயம், பேட்ச் இல்லாம டாக்டர்கள் கண்ணால பாத்து "இது அபகாவிர் ஒவ்வாமைதான்"னு முடிவு பண்ணினது அந்த ஜீன் இல்லாதவங்க பக்கத்துல கூட 3.4 சதவீதம். ஜுரம், தடிப்பு, வாந்தி எதுக்கு வேணாலும் வரும், நாங்க பயத்துல மருந்து மேல பழி போட்டுடறோம்னு அர்த்தம். இன்னும் ஒண்ணு, ஜீன் இருந்தா கட்டாயம் வரும்னும் இல்லை, இருக்கறவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் வருது. ஆக அந்த டெஸ்ட் "இல்லை"ன்னு வந்தா தைரியமா நம்பலாம், "இருக்கு"ன்னு வந்தா அந்த மருந்தைத் தொடாம வேற பாக்கலாம். வேடிக்கை என்னன்னா இதே பி 57:01 இருக்கறவங்கள்ல சிலருக்கு எச்ஐவி ரொம்ப மெதுவாத்தான் முன்னேறும், அந்தத் தட்டு வைரஸ் துண்டை காவல்காரனுக்கு நல்லா காட்டிக் கொடுக்குது. ஒரு பக்கம் உதவற தட்டு இன்னொரு பக்கம் உபத்திரவம்.

நெவிரபின் கதை அப்படித் தெளிவா இல்லை. 2005-ல ஆஸ்திரேலியாவுல டிஆர்பி1 01:01-னு ஒரு தட்டு வகையைச் சொன்னாங்க, அதுவும் சிடி4 (ரத்தத்துல எதிர்ப்பு சக்தி அணுக்களோட கணக்கு) நல்லா இருக்கறவங்களுக்கு வர்ற கல்லீரலும் ஜுரமும் சேர்ந்த ரியாக்ஷனுக்கு, வெறும் தடிப்புக்கு இல்லை. 2006-ல இத்தாலியோட சார்டினியா தீவுல வேற வகை. 2009-ல தாய்லாந்துல பி 35:05. 2013-ல ஆப்பிரிக்காவுல மலாவியில, தோல் உரியற கட்டத்துக்கே சி 04:01. எச்எல்ஏ இல்லாத சிசிஎச்சிஆர்1-னு ஒரு ஜீனையும் தாய்லாந்துல பாத்தாங்க. ஊருக்கு ஊர் வேற வேற பேர் வருதுன்னா என்ன அர்த்தம், ஒத்தைச் சாவி இல்லை, பல வழியில கதவு திறக்குது. தாய்லாந்து கணக்கையே எடுத்துக்கங்க, தடிப்பு வந்தவங்கள்ல 17.5 சதவீதம் பேர்கிட்ட அந்த பி 35:05 இருந்துச்சு, வராதவங்கள்ல 1.1 சதவீதம்தான். தொடர்பு பலமாத்தான் இருக்கு. ஆனா திருப்பிப் போட்டுப் பாருங்க, தடிப்பு வந்த நூறு பேர்ல எண்பத்திரெண்டு பேர்கிட்ட அந்த ஜீனே இல்லை. டெஸ்ட் எடுத்து "இல்லை"ன்னு வந்த சீட்டை பாக்கெட்ல வெச்சுட்டு நிம்மதியா தூங்க முடியுமா? முடியாது. சி 04:01 பக்கம் வேற தலைவலி, அது பல நாட்டு ஜனங்கள்ல சாதாரணமா இருக்கற வகை, அதை வெச்சு மருந்தை மறுத்தா ஒண்ணும் ஆகாத ஏகப்பட்ட பேருக்கு மறுக்கணும். அதனாலதான் நெவிரபின் கொடுக்கறதுக்கு முன்னாடி ஜீன் டெஸ்ட் எடுங்கன்னு வழக்கத்துல எங்கயும் வெக்கலை.

நெவிரபின் விஷயத்துல ஜீனை விட கண்ணுக்கு நேரா தெரியற ரெண்டு விஷயம் அதிகம் பேசுது. ஒண்ணு, பெண்களுக்கு ஆண்களை விட அதிகம். ரெண்டு, சிடி4 அதிகமா இருந்தா ஆபத்து அதிகம், இது கேக்க தலைகீழா இருக்கும். எதிர்ப்பு சக்தி நல்லா இருக்கறவங்களுக்குத்தான் காவல்காரன் முழு பலத்தோட அடிப்பான். 250-க்கு மேல சிடி4 இருந்த பெண்கள்ல கல்லீரலைத் தாக்கற ரியாக்ஷன், பெரும்பாலும் தடிப்போட சேர்ந்து வர்றது, 11 சதவீதம், 250-க்குக் கீழ இருந்தவங்கள்ல 0.9 சதவீதம். ஆண்களுக்கு அந்த எல்லை 400. உங்க அக்காவோட அன்னைக்கு இருந்த சிடி4 மையத்துல அவங்களுக்குக் கொடுத்த பச்சைப் புத்தகத்துல எழுதியிருக்கும், எடுத்துப் பாருங்க.

அந்தப் புத்தகத்துல இன்னொண்ணும் பாருங்க, இதுலதான் நிறைய பேர் கோட்டை விடறது. அக்கா நெவிரபினோட சேர்த்து கோட்ரைமாக்சசோல் சாப்பிட்டாங்களா? பாக்ட்ரிம், செப்ட்ரான்னு சொல்வாங்க, பெரிய வெள்ளை மாத்திரை. சிடி4 குறைவா இருந்தா நிமோனியா வராம இருக்க அதையும் அதே சமயத்துல ஆரம்பிப்போம். அது சல்ஃபா மருந்து, எச்ஐவி இருக்கறவங்களுக்கு சல்ஃபா தடிப்பு மத்தவங்களை விட பல மடங்கு அதிகம், தோல் உரியற கட்டத்துக்கும் அது கொண்டு போகும். ரெண்டும் ஒரே வாரத்துல ஆரம்பிச்சு மூணாவது வாரம் தோல் உரிஞ்சா யார் குத்தவாளி? பல கேஸ்ல எங்களால அடிச்சுச் சொல்ல முடியாது, ரெண்டையும் ஆயுசுக்கும் தடை பண்ணிடுவோம். உங்களுக்கு இது ஏன் முக்கியம்னா நெவிரபின் உங்க டப்பாவுல இல்லை, ஆனா கோட்ரைமாக்சசோல் தனியா கொடுத்திருக்க வாய்ப்பு இருக்கு. கொடுத்திருந்தா அதைத் தொடறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட அக்கா விஷயத்தைச் சொல்லுங்க. அவங்க அதுக்குப் பதிலா டாப்சோன் தரலாமான்னு யோசிப்பாங்க, அதுலயும் ஜீன் ரெண்டு இருக்கு, எச்எல்ஏ-பி 13:01 இருந்தா டாப்சோன் ஒவ்வாமை வர்ற ஆபத்து அதிகம்னு 2013-ல சீனாவுல கண்டுபிடிச்சாங்க, ஜி6பிடி என்சைம் குறைவா இருந்தா டாப்சோன் ரத்த அணுக்களை உடைக்கும். ஜி6பிடி டெஸ்ட் சாதாரண ரத்த டெஸ்ட்தான், டாப்சோன் கொடுக்கறதுக்கு முன்னாடி எடுத்துடணும்.

"மலைக்காரங்க ரத்தம்" பத்தி இங்கயே சொல்லிடறேன். இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்புச்சுன்னு எனக்கு ஒரு ஊகம் உண்டு. இந்தியாவுலயே அரிவாள் மாதிரி வளையற ரத்த அணுவை (அரிவாள் செல்) முதல்ல கண்டுபிடிச்சது நம்ம நீலகிரி பழங்குடி மக்கள்கிட்டதான், 1952-ல. அதுலேருந்து மலையில ரத்தம் வேறன்னு ஒரு நினைப்பு, அது ஆளுக்கு ஆள் காது மூக்கு வெச்சு எச்ஐவி மாத்திரை வரைக்கும் வந்திருக்கும். அரிவாள் செல் வேற ஜீன், வேற குரோமோசோம், எச்எல்ஏவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. சமூகத்துக்குச் சமூகம் எச்எல்ஏ வகை கூடும் குறையும்ங்கறது உண்மைதான், ஒரே சமூகத்துக்குள்ளயே தலைமுறை தலைமுறையா கல்யாணம் நடந்தா சில வகை கூடுதலா தங்கியிருக்கும். ஆனா அதுலேருந்து "இந்த ஜாதிக்கு இந்த மருந்து சேராது"ன்னு தாவறது தப்பு. படகர், பழங்குடி, இலங்கையிலேருந்து தாயகம் திரும்பி எஸ்டேட்டுக்கு வந்தவங்க, கீழேருந்து வேலைக்கு வந்தவங்கன்னு எல்லாரும் அதே நெவிரபினைச் சாப்பிட்டு நல்லா இருந்ததையும் பாத்திருக்கேன், எல்லாப் பக்கமும் தடிப்பு வந்ததையும் பாத்திருக்கேன். தோல் உரிஞ்சவங்களைத்தான் ஊர் ஞாபகம் வெச்சுக்கும், ஒண்ணும் ஆகாம பத்து வருஷமா கொழுந்து பறிக்கறவங்க வெளியிலயே சொல்லிக்க மாட்டாங்களே.

இப்ப உங்க மாத்திரை. அக்கா காலத்து நெவிரபினுக்கு அப்புறம் எஃபவிரென்ஸ் வந்துச்சு, அதுக்கப்புறம் இப்ப டோலுடெக்ராவிர். இதுக்குத் தீவிர ஒவ்வாமை நூத்துல ஒண்ணுக்கும் கீழ. சுத்தமா இல்லைன்னு சொல்ல மாட்டேன், எந்த மருந்துக்கும் அப்படிச் சொல்ல முடியாது. இதுக்கு முன்கூட்டி எடுக்க வேண்டிய எச்எல்ஏ டெஸ்ட்டுன்னு எதுவும் கிடையாது. நெவிரபினுக்கும் இதுக்கும் உருவத்துலயும் வேலையிலயும் உறவு இல்லை, வேற குடும்பம். ஒரே ஒரு இடத்துலதான் உங்களுக்கு பி 57:01 டெஸ்ட் தேவைப்படலாம், கிட்னி சரியா வேலை செய்யலைன்னா டெனோஃபோவிரை எடுத்துட்டு அபகாவிர் வைப்பாங்க. அப்படி மாத்தினா அன்னைக்கு கேளுங்க, "இந்த டெஸ்ட் எடுத்துட்டு ஆரம்பிக்கலாமா"ன்னு. அரசு மையங்கள்ல எல்லாருக்கும் வழக்கமா எடுக்கறதில்லை, வெளிய பிரைவேட் லேப்ல கொடுத்தா பெரிய ஊருக்கு அனுப்பி எடுத்துத் தருவாங்க. எடுக்காம ஆரம்பிச்சா முதல் ஆறு வாரம் ஜுரம், தடிப்பு, வாந்தி, மூச்சுத் திணறல்ல ரெண்டு மூணு சேர்ந்து வந்து ஒவ்வொரு வேளை மாத்திரைக்கும் ஏறிட்டே போகுதான்னு பாக்கணும். அபகாவிர் ஒவ்வாமைன்னு நிறுத்தினதை மறுபடி ஒரு மாத்திரை கூட போட்டுப் பாக்கக் கூடாது, ரெண்டாவது தடவை சில மணி நேரத்துல உயிருக்கே வந்துடும்.

மாத்திரையைத் தள்ளிப் போடறதால என்ன நஷ்டம்னும் கேட்டிருக்கீங்க. 2015-ல 35 நாடுகள்ல 4,685 பேரை வெச்சு சிடி4 500-க்கு மேல இருக்கும்போதே ஆரம்பிச்சவங்களையும் காத்திருந்தவங்களையும் ஒப்பிட்டாங்க, உடனே ஆரம்பிச்சவங்களுக்குப் பெரிய நோயும் சாவும் 57 சதவீதம் குறைவு. 2017-லேருந்து நம்ம நாட்டுலயும் சிடி4 எவ்வளவா இருந்தாலும் ஆரம்பிக்கறதுதான் முறை. பீரோவுல டப்பா இருக்கற ஒவ்வொரு வாரமும் வைரஸுக்குத்தான் லாபம்.

ஆரம்பிச்ச அப்புறம் தோல்ல எது வந்தாலும் உங்களுக்கு அக்கா முகம்தான் ஞாபகம் வரும், அதனால இதைச் சொல்றேன். இங்க டிசம்பர், ஜனவரி பனியில தோல் வறண்டு அரிக்கறது, ஸ்வெட்டர் உரசி கழுத்துல தடிக்கறது, அடுப்புக்குப் பக்கத்துலயே காலை நீட்டி உக்காந்து முழங்காலுக்குக் கீழ வலை மாதிரி கருக்கறது, தோட்டத்துல மருந்தடிச்சுட்டு வந்து கை வீங்கறது, சொறி சிரங்கு, இதெல்லாம் எச்ஐவி இருந்தாலும் இல்லைன்னாலும் வரும். எச்ஐவியாலயே கை காலெல்லாம் அரிக்கற பரு மாதிரி ஒண்ணு வரும், அது மாத்திரை சாப்பிட்டாத்தான் போகும். இதுக்கெல்லாம் மாத்திரையை நிறுத்த வேண்டாம், மையத்துக்கு வந்து காட்டுங்க. ஆனா ஜுரத்தோட தடிப்பு, வாய்க்குள்ள புண்ணு, கண்ணு சிவந்து கூசறது, மூத்திரம் போற இடத்துல எரிச்சல், முகம் வீக்கம், கொப்புளம், தொட்டா அரிப்பை விட வலி ஜாஸ்தியா இருக்கற தோல், கண்ணு மஞ்சள், இதுல எதையாவது பாத்தா எல்லா மாத்திரையையும் அந்த வேளையே நிறுத்திட்டு பக்கத்துல இருக்கற அரசு ஆஸ்பத்திரி கேஷுவால்டிக்குப் போயிடுங்க, மையம் எந்தக் கிழமை திறக்கும்னு காத்திருக்காதீங்க. மழைக்காலத்துல காட் ரோடு எப்ப அடைபடும்னு யாருக்குத் தெரியும், கீழ அனுப்பணும்னா வெளிச்சம் இருக்கும்போதே அனுப்பினாத்தான் நல்லது. டப்பாவையும் கையோட எடுத்துட்டுப் போங்க. எச்ஐவின்னு சொல்லத் தயக்கமா இருக்கும், ஆனா டாக்டருக்கு எந்த மாத்திரைன்னு தெரியாம வைத்தியம் பண்ண முடியாது. 2017-ல கொண்டு வந்து 2018 செப்டம்பர்லேருந்து நடைமுறையில இருக்கற எச்ஐவி சட்டப்படி உங்க விஷயத்தை அவங்க வெளிய விடக் கூடாது. அப்புறம் தயவு செஞ்சு தைலம் தடவாதீங்க. நீலகிரித் தைலம் சளிக்கு ஆவி பிடிக்க நல்லது, உரிஞ்ச தோல்ல தடவிட்டு வந்தவங்களைப் பாத்து எனக்கே கண்ணுல தண்ணி வந்திருக்கு.

அக்காவுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கு. ஒரு சின்ன அட்டையில நெவிரபின், அதோட சாப்பிட்டிருந்தா கோட்ரைமாக்சசோல், எந்த வருஷம், என்ன ஆச்சுன்னு எழுதி, அவங்க பர்ஸ்ல வெக்கச் சொல்லுங்க. பல் டாக்டர்கிட்ட போனாலும் மூத்திரத் தொத்துக்குப் போனாலும் அதை எடுத்துக் காட்டணும், சல்ஃபா எழுதிக் கொடுக்கறவங்க இன்னும் ஜாஸ்தி. அதோட, கேள்வி கடைசியில போற போக்குல எழுதியிருந்தீங்க, அக்காவுக்கு இப்பவும் கண்ணு உறுத்துது, காத்துல நிக்க முடியலை, இமை முடி உள்ள பாத்து வளருதுன்னு. அது அந்த 2011 வியாதி விட்டுட்டுப் போன தழும்பு, வயசானதால வந்தது இல்லை, விட்டா கருவிழியைச் சொறண்டி பார்வையைக் குறைக்கும். கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, போகும்போது "ஸ்டீவன்ஸ்-ஜான்சன் வந்த கண்ணு"ன்னு மறக்காம சொல்லுங்க, வெறும் சொட்டு மருந்தோட அனுப்பிடாம இமையைப் புரட்டிப் பாப்பாங்க.